ஐரின் இரண்டு தரம் எண்ணினாள்

எலிக்குப் பேர் வைக்கிறவளை என் ஆயுளில் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். அதுவும் செல்லப் பேர் இல்லை. பைபிளில் வருகிற பெண்களின் பேர். அன்னா, சாரா, ராகேல், எலிசபெத்.

"எலிக்கு எலிசபெத் எண்டு வைக்க உனக்கு வெக்கமா இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்களும் வயசு போன பொறகுதானே அக்கா புள்ள பெத்தாங்க" என்றாள்.

நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறொன்று. ஐரின் அப்படித்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். எங்கள் ஆய்வுகூடத்தில் நாலு கூண்டு எலிகள் இருக்க, நாலாம் கூண்டுக்கு மட்டும் ஏன் பேர் வைத்தாள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். எனக்கு வாய் நீளம், புத்தி அவ்வளவு நீளமில்லை.

பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் தட்டச்சு எழுதுவினைஞர். பேர் கமலாசனி, ஊர் யாழ்ப்பாணம். சண்டை தொடங்கிய பிறகு ஊருக்குப் போவது குதிரைக் கொம்பாகிவிட, கண்டியிலேயே வேர் விட்டவள். ஐரின் கண்டியிலேயே பிறந்தவள். கட்டுக்கலையில், அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவளுடைய அப்பாவின் தையல் கடையை எரித்தார்கள். ஏ.எல். பரீட்சைக்கு இருந்தவள், அதோடு படிப்பை விட்டுவிட்டு எலிக்கூண்டு கழுவ வந்தாள். கழுவ வந்தவள் பத்து வருஷத்துக்குள் எலியின் முட்டைப் பையான சூலகத்தை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகிலும் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நிறமேற்றி, மைக்கிரோஸ்கோப்பில் பார்த்து இது இன்னது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது தாங்களே கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரிப்பாள்.

இருபத்து நாலு வயதில் அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஏழு மாதம் ஊசி ஏற்றினார்கள். முடி கொட்டிற்று, மூன்று மாதம் சோறு இறங்கவில்லை, ஆனால் பிழைத்துவிட்டாள். நோய் போயிற்று. கூடவே மாதவிலக்கும் போயிற்று. முடி வந்த மாதிரி அதுவும் வந்துவிடும் என்று காத்திருந்தாள். முடி முந்தியிலும் சுருட்டையாய் அழகாய் வந்தது. அது வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வெட்கத்தை விட்டு ஒரு டொக்டரைக் கேட்டிருக்கிறாள். "உயிர் தப்பினதே பெரிசு, அதை நினைச்சுச் சந்தோசப்படுங்கோ" என்றாராம். ஊசி ஏற்றுகிறதற்கு முதல் இப்படி ஆகலாம் என்று ஒரு வாய் வார்த்தை யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முப்பத்தொரு வயதாகியும் கலியாணம் பேசினால் பேச்சை மாற்றுகிற ஒரு பெண் என்பதுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போவாள். தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அவர். "என்னத்தைத்தான் அப்படித் தொலைச்சனி?" என்று பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு எங்கள் ஆய்வுகூடத் தலைவர் வீரசிங்கம் சேர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். பெண்ணாய்ப் பிறக்கிற எதுவும் தன் முட்டைகள் அத்தனையையும் பிறக்கும்போதே கொண்டுவருகிறது. பிறகு புதிதாய் ஊறுவதில்லை. புற்றுநோயைக் கொல்லுகிற மருந்து அந்த முட்டைகளையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. செடிகொடிகளின் தோலிலும் பூவிலும் நிறம் கொடுக்கிற பிளேவனாய்ட் என்று ஒரு சாமான் இருக்கிறது. அதைக் கொடுத்தால் முட்டைகளைக் காப்பாற்றலாமோ என்று பார்க்க வேண்டும். அது எதில் மலிவாய்க் கிடைக்கும்? வெங்காயத் தோலில்.

ஐரின் அக்குறணைக்குப் போய் மஹ்மூத் நானாவின் வெங்காய மொத்தக் கடையில் தோலைச் சாக்குச் சாக்காய்க் கட்டிக்கொண்டு வந்தாள். "வெங்காயத்தப் போட்டுட்டுத் தோலக் கொண்டு போற ஆக்கள இண்டைக்குத்தான் மகள் காணுறன்" என்று அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. தோலைக் கழுவி, காயவைத்து, சாராயச் சத்தில் ஊறப்போட்டு, வடித்து, சாராயம் பறக்கும்வரை வற்றக் காய்ச்சி, தண்ணீரில் கரைத்துப் போத்தலில் அடைத்தாள். பால் விடாத பிளேன்டீ நிறத்தில் ஒரு கஷாயம். நான் தட்டச்சு அடிக்கிற கந்தோர் முழுக்க ஆறு மாதம் வெங்காயம் மணத்தது. என் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு என் மனுசன், "கந்தோரிலயோ சமையல்?" என்று கேட்டார்.

முதலாம் கூண்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் கூண்டுக்குப் புற்றுநோய் மருந்து மட்டும். மூன்றாம் கூண்டுக்கு முதலில் கஷாயம், பிறகு மருந்து. நாலாம் கூண்டுக்கு முதலில் மருந்து, பிறகு கஷாயம். அந்த நாலாம் கூண்டில்தான் அன்னாவும் சாராவும் ராகேலும் எலிசபெத்தும் மற்றவைகளும் இருந்தன.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் கண்டியில் குண்டு வெடித்தது. அதன் பிறகு தமிழ்ப் பேர் உள்ள அடையாள அட்டையோடு பஸ்ஸில் போவதே ஒரு தண்டனை. பேராதனைக்கும் கண்டிக்கும் நடுவில் புதிதாய் ஒரு சோதனைச் சாவடி முளைத்தது. மாசி மாதம் ஒரு பின்னேரம் அங்கிருந்து கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. ஐரினைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சேர் கொழும்புக்குப் போயிருந்தார். நான்தான் ஓடினேன்.

தகரக் கொட்டிலுக்குள் ஒரு மேசை. அதன் மேல் அவளுடைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். செபமாலை, அடையாள அட்டை, சோற்றுப் பெட்டி, பஸ் டிக்கெட் துண்டுகள், நாலு என்று இலக்கம் போட்ட ஒரு போத்தல், பழைய பத்திரிகைத் தாளில் மடித்துச் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். ஐரின் மூலையில் நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

பொலிஸ்காரர் போத்தலைத் தூக்கிக் காட்டி, "மே மொகத?" என்று என்னைக் கேட்டார். இது என்ன என்று. எலிக்குக் கொடுக்கிற மருந்து என்று சிங்களத்தில் சொன்னேன். எலி மருந்து என்றுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எலியைக் கொல்லுகிற நஞ்சை ஒரு தமிழ்ப்பெட்டை ஏன் பையில் கொண்டு திரிகிறாள் என்று அவர் குரல் ஏறிற்று. வெங்காயத் தோல், வெறும் வெங்காயத் தோல் என்று நான் மன்றாடினேன்.

"எஹெனங் பொன்ன" என்றார் அவர். அப்படியென்றால் குடி.

ஐரின் வந்து போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, ஒரு சொட்டு விடாமல், நின்ற நிலையில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. பழகின வாய். அதைப் பார்த்த கணத்தில் பொலிஸ்காரருக்குச் சந்தேகம் தீர்ந்தது, எனக்குச் சந்தேகம் பிறந்தது.

பெண் பொலிஸ் ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். மாதவிலக்குக்கு வைக்கிற பஞ்சுத் துண்டு. பிரித்த வேகத்திலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்டேன். "எத்தினை நாளா உதைக் குடிக்கிறாய்?"

"மூணு மாசமா."

"எலிக்குப் போடுற சாமானை?"

"வாரக் கடைசியில மிஞ்சினதத்தான் அக்கா. எப்படியும் கொட்டுறதுதானே" என்றாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, முடி, டொக்டர், எல்லாம். அழவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"மனுவேல் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆராய்ச்சி முடியட்டும், பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நாலாங்கூண்டுக்கு நல்லதா வந்துச்சுன்னா எனக்கும் வருந்தானே?"

மனுவேல் பேராதனைச் சந்திப் புகையிரத நிலையத்தில் கிளார்க். கோயில் பாடகர் குழுவில் இருந்து பழக்கம். ஒரே பிள்ளை. வீடு நிறையப் பிள்ளைகள் வேண்டும் என்று வெளிப்படையாய்ச் சொல்கிற ஆள். அதிலொன்றும் பிழையில்லை.

"அப்ப அந்தப் பொட்டலம்?" என்று கேட்டேன்.

"ஏழு வருசமா வெச்சிருக்கேன். பழசாச்சுன்னா மாத்தி வெப்பேன். பஸ்ஸில போகயில வந்துட்டா?" என்றாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாதம் மாதம் அதைச் சனியன் என்று திட்டுகிறவள் நான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அவைகளையும் திட்டுகிறவள். அன்றைக்கு என் வாயை எனக்கே பிடிக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் குடிப்பதை நிறுத்தவில்லை. பங்குனியில் எலிகளைக் கொன்று சூலகங்களை எடுக்க வேண்டிய நாள் வந்தது. அந்த வேலையை வேறு யாருக்கும் விடாமல் அவளே செய்தாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முதுகைத் தடவி, பேரைச் சொல்லி. மூன்று நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

பிறகு எண்ணுகிற வேலை. ஒரு முட்டை பல சீவல்களில் வெட்டுப்படும். எல்லாவற்றையும் எண்ணினால் ஒன்றே மூன்றாகும், நாலாகும். அதனால் முட்டையின் நடுவில் இருக்கிற கறுப்புப் பொட்டுத் தெரிந்தால் மட்டும் எண்ணு, தெரியாவிட்டால் விடு என்பது சட்டம். எது எந்தக் கூண்டு என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கண்ணாடித் துண்டில் இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் எந்தக் கூண்டு என்ற விளக்கம் உறையில் போட்டு ஒட்டி சேரின் அலுமாரிக்குள். ஆனால் ஆள் பற்றாக்குறையில் இலக்கம் எழுதி ஒட்டியவளும் ஐரின், எண்ணியவளும் ஐரின். வேலிக்கு வெளியே காவல் போட்டு, பூட்டின் திறப்பை உள்ளே இருந்தவளிடம் கொடுத்த மாதிரி. அது எங்கள் எவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், குனிந்தபடி எண்ணினாள். சித்திரை வருஷப்பிறப்புக்கும் வந்தாள். முடிந்ததும் சேர் உறையைப் பிரித்தார். ஒன்றுமே கொடாத எலிக்குச் சராசரி நாற்பத்தொன்று. மருந்து மட்டும் கொடுத்ததற்குப் பன்னிரண்டு. முன்னே கஷாயம் கொடுத்ததற்கு முப்பது. பின்னே கொடுத்ததற்கு, அந்த நாலாம் கூண்டுக்கு, இருபத்தேழு.

சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பிறகு குடுத்தாலும் வேலை செய்யுதடாப்பா!" என்று மேசையில் அடித்தார். நான் அட்டவணையை அன்றைக்கே தட்டச்சுச் செய்தேன். இருபத்தேழு என்று அடிக்கும்போது என் விரலுக்கும் சந்தோஷம். ஐரினைக் கட்டிப் பிடித்தேன். அவள் சிரித்தாள், ஆனால் என் தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்துச் சிரித்தாள். மனுவேலிடம் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லப் போகிறாய்தானே என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த ஞாயிறு அவள் மனுவேலிடம் போகவில்லை. பூசை முடிந்து நேரே ஆய்வுகூடத்துக்கு வந்து காவலாளியிடம் திறப்பு வாங்கியிருக்கிறாள். திங்கள் செவ்வாயும் மைக்கிரோஸ்கோப்பை விட்டு எழும்பவில்லை. புதன்கிழமை காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கக்கா."

"எந்தத் தாளை?"

"இருபத்தேழு இல்ல. பதிமூணு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த கணக்குக் கொப்பியைப் பிரித்துக் காட்டினாள். நாலாம் கூண்டின் கண்ணாடித் துண்டுகளை மட்டும் திரும்ப எண்ணியிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா, எது எது அவங்களோடதுன்னு. நம்பர் எழுதினது நான்தானே. மத்ததுல பொட்டு இருந்தாத்தான் எண்ணினேன். அவங்களோடதுல பொட்டு இல்லாட்டியும், இருக்கிற மாதிரி இருக்குன்னு எண்ணிட்டேன். வேணும்னு செய்யல. செய்யயில தெரியல. சேர் மேசையில தட்டினாரு பாருங்க, அப்பதான் திரும்ப எண்ணிப் பாக்கணும்னு தோணுச்சு."

நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. எழும்பிப் போய் அறைக்கதவைச் சாத்தினேன். "விடு பிள்ளை" என்றேன். "எலிக் கணக்குத்தானே. ஆர் செத்தது? சேருக்கும் சந்தோசம், உனக்கும் ஒரு நம்பிக்கை. நீ குடி. மனுவேலைக் கட்டு. கடவுள் விட்ட வழி."

அவள் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஏதோ நான் தூரத்தில் நிற்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இதை நம்பி ஒரு டொக்டர், பொறகு குடுத்துக்கலாம்னு முன்னுக்குக் குடுக்காம விட்டுட்டா? ஒரு புள்ள என்னய மாதிரி உக்காந்துக்கிட்டு இருக்கணுமா? எனக்குத்தான் யாரும் முன்னுக்குச் சொல்லல அக்கா. முன்னுக்குச் சொல்லியிருந்தா..." என்றாள். அதுவரை அழாதவள், என் தட்டச்சுப் பொறியின் மேல் தலையைக் கவிழ்த்து வைத்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

தாளை நானே கிழித்தேன்.

சேர் திட்டுவார், வேலையை விட்டே கலைப்பார் என்று பயந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எல்லாத் துண்டுகளுக்கும் புது இலக்கம் போடுவித்து, வேறொருவரை வைத்து முழுவதையும் எண்ணுவித்தார். நாலாம் கூண்டுக்குப் பன்னிரண்டு வந்தது. மருந்து மட்டும் கொடுத்ததற்கும் அதே பன்னிரண்டு. மூன்றாம் கூண்டு முப்பதிலேயே நின்றது.

"முன்னுக்குக் குடுத்தது நிக்குது ஐரின்" என்றார் சேர். "எலியில நிக்குது. மனிசருக்கு எப்பிடியெண்டு ஆருக்கும் தெரியாது, அதுக்கு இன்னும் கனகாலம் செல்லும். ஆனா நீர் திரும்பி எண்ணாட்டி இதுவும் பொய்யாப் போயிருக்கும்." அவள் ஏன் பிழையாய் எண்ணினாள் என்று அவர் கேட்கவேயில்லை. ஊகித்திருப்பார். சில ஆம்பிளைகளுக்கும் கண் இருக்கிறது.

மனுவேலைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு சந்திப் புகையிரத நிலைய மேடை வாங்கிலில் உட்கார்ந்து ஐரின் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் "அம்மாக்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்றானாம். அந்த வசனத்தைச் சொல்கிற ஆணுக்காக எந்தப் பெண்ணும் காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஐரின் ஐந்து மாதம் காத்திருந்தாள். அவன் நாவலப்பிட்டிக்கு மாற்றல் வாங்கிப் போனான். அடுத்த வருஷம் கலியாணக் கார்ட் வந்தது. "நல்ல மனுசன்க்கா, பாவம்" என்று சொல்லி ஒரு சோடித் தலையணை உறையில் பூத்தைத்து அனுப்பினாள். எனக்கென்றால் அந்த ஊசியாலேயே அவனுக்கு நாலு குத்துக் குத்த வேண்டும் போலிருந்தது.

கஷாயம் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அந்தோனியார் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. நாலாம் கூண்டுக்குப் புது எலிகள் வந்தன. அவற்றுக்கு அவள் பேர் வைக்கவில்லை.

ஒருநாள் படிக்க வந்த பெட்டை ஒருத்தி நடைபாதையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கோட்டைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. பார்த்ததுமே ஐரினுக்கு விளங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பெட்டையின் கையில் வைத்துப் பொத்தி, "போங்க, உள்ளுக்குப் போங்க" என்று அனுப்பினாள். பெட்டை ஓடினாள். ஐரின் பையை மூடி, கொஞ்ச நேரம் அந்தக் கொளுக்கியில் கை வைத்தபடி நின்றாள். கடைசியில் ஒரு வழியாய் அவள் மனம் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை இருவரும் ஒன்றாய் பஸ்ஸில் போனோம். சாவடியில் இறக்கினார்கள். அதே பெண் பொலிஸ்தான். எங்களை அடையாளம் தெரிந்துபோய்ச் சிரிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். ஐரினின் பையைத் திறந்து செபமாலையைத் தள்ளினாள், சோற்றுப் பெட்டியைத் தள்ளினாள். அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. புதுப் பத்திரிகைத் தாள், அந்தக் கிழமைத் திகதி.

நான் ஐரினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"யாருக்காச்சும் தேவப்படும்க்கா" என்றாள், பையை மூடிக்கொண்டே.

"ஓம் பிள்ளை, தேவைப்படும்" என்றேன். பஸ் ஹோர்ன் அடித்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.